கல்லாய்ச் சமைந்த கானகம்

சென்னையிலிருந்து தெற்கே போகிறவர்களுக்குத் திண்டிவனம் என்பது பஸ் நிற்கும் இடம். விழுப்புரம் என்பது ரயில் மாறும் இடம். ஒரு காப்பி, ஒரு கொட்டாவி, அதோடு சரி. இரண்டு ஊருக்கும் நடுவே சுமார் 25 மைல். அந்த 25 மைலையும் தூங்கியே கடந்து திருச்சிக்கும் மதுரைக்கும் போய்ச் சேர்ந்தவர்கள் எத்தனை லட்சம் பேரோ! சாலைக்கு இரு புறமும் பார்த்தால் அவர்கள் தூங்குவதில் தவறில்லை என்றுதான் தோன்றும். மல்லாட்டை வயல், சவுக்குத் தோப்பு, பனைமர வரிசை, இடையிடையே குண்டும் குழியுமாகப் பாறைக் குன்றுகள். இதில் கண் விழித்துப் பார்க்க என்ன இருக்கிறது?

என் சிநேகிதர் ஒருவர் சென்ற ஆண்டு இலங்கைக்குப் போய், வில்பத்து தேசீய வனத்தைப் பார்த்துவிட்டு வந்தார். சிறுத்தை பார்த்தாராம், கரடி பார்த்தாராம், காட்டுக்குள்ளேயே பழைய ஏரிக் கரைகளையும் இடிபாடுகளையும் பார்த்தாராம். "விலங்கையும் சரித்திரத்தையும் ஒரே நாளில் காட்டும் இடம் நம் பக்கத்தில் எங்கே இருக்கிறது?" என்று பெருமூச்சு விட்டார். அவருடைய வீடு திண்டிவனத்தில் இருக்கிறது! உள்ளூர் மாடு விலைபோகாது என்பது பழமொழி. உள்ளூர்க் கல்லும், உள்ளூர் மரமும், உள்ளூர்ப் பட்சியும் அப்படித்தான் போலும்.

நம் பக்கத்தில் சிறுத்தை இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சுற்றிப் பார்க்க லாயக்கான பூமி என்று இந்தப் பிரதேசத்தைப் பற்றி யாராவது இன்றுதான் புதிதாகச் சொல்ல வேண்டுமா? பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படை முழுவதும் இந்த நாட்டுக்கு எழுதிய வழிகாட்டிப் புஸ்தகந்தான். ஓய்மா நாட்டு நல்லியக்கோடனிடம் பரிசு பெறப் போகும் பாணனுக்கு, நல்லூர் நத்தத்தனார் ஊர் ஊராக வழி சொல்லிக்கொண்டு போகிறார். கடற்கரையில் எயிற்பட்டினம், பிறகு வேலூர், பிறகு ஆமூர், கடைசியில் தலைநகரான கிடங்கில். எயிற்பட்டினம் இன்றைய மரக்காணத்தின் பக்கம் என்பது அறிஞர் கருத்து. கிடங்கிலோ திண்டிவனத்தோடு ஒட்டிய ஊர். எந்த ஊரில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்பதைக்கூடப் புலவர் விடவில்லை. கடற்கரையில் சுட்ட மீன். ஆமூரில் நண்டும் சோறும். இக்காலத்து வழிகாட்டிப் புஸ்தகங்கள் இதைவிட அதிகமாக என்ன சொல்லிவிடுகின்றன?

பொங்கல் கழிந்த ஒரு சனிக்கிழமை, எங்கள் பள்ளிக்கூடத்து ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் 22 பேரை ஒரு வானில் ஏற்றிக்கொண்டு, ஏறக்குறைய அந்தப் பாணனுடைய பாதையிலேயே புறப்பட்டேன். நண்டுக்குப் பதிலாக எலுமிச்சம்பழச் சாதப் பொட்டலம்.

பெருமுக்கல் குன்றைத் தாண்டும்போது இன்னும் சரியாக விடியவில்லை. அந்தக் குன்றின் மேல் கோயிலும், பாறைக் குகையில் ஆதிமனிதர் செதுக்கிய உருவங்களும் உண்டு. அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும். நாங்கள் நேரே கழுவெளிக்குப் போனோம்.

கழுவெளி என்பது ஏரியா, காயலா என்று கேட்டால் இரண்டும் என்றுதான் சொல்ல வேண்டும். மரக்காணம், வானூர் தாலுகாக்களில் பரந்து கிடக்கும் இந்த நீர்ப்பரப்பு, தென்னிந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் பழவேற்காட்டுக்கு அடுத்தபடியாக எண்ணப்படுகிறது. ஐப்பசி கார்த்திகை மழையில் சுற்று வட்டாரத்து ஏரிகளெல்லாம் நிரம்பிக் கலங்கல் வழியாக வழிந்தால், அந்த நீர் முழுவதும் கடைசியில் வந்து சேருவது இங்கேதான். பிறகு ஓர் ஓடை வழியாக இடையன்திட்டு முகத்துவாரத்துக்குப் போய்க் கடலில் கலக்கிறது. மழைக்காலத்தில் ஏரி கடலுக்குக் கொடுக்கிறது. மழை ஓய்ந்தபின் கடல் ஏரிக்குள் ஏறுகிறது. ஆகையால் உள்நாட்டுப் பக்கத்தில் நல்ல தண்ணீர், கடலை அடுத்த பக்கத்தில் உப்புத் தண்ணீர், நடுவே இரண்டுங்கெட்டான் தண்ணீர். ஆழமோ மிகக் குறைவு. கோடையில் பெரும் பகுதி வெடித்த சேறாகிவிடும். பயிருக்கும் உதவாது, படகுக்கும் உதவாது என்று மனிதன் உதட்டைப் பிதுக்குகிற இந்த மாதிரி இடந்தான், நீண்ட காலும் நீண்ட மூக்கும் படைத்த பட்சிகளுக்கு விருந்து மண்டபம்.

பனி விலகியதும் முதலில் தென்பட்டவை பூநாரைகள். தூரத்தில் யாரோ வெளிர்ச் சிவப்பு வேஷ்டியை உலர்த்தியிருப்பது போல் ஒரு கோடு. அந்தக் கோடு மெல்ல நகர்ந்தது. "ஸார், துணி நடக்குது!" என்றான் ஒரு பையன். பிறகு கண் பழகப் பழக மற்றவை புலப்பட்டன. மஞ்சள்மூக்கு நாரை, அரிவாள்மூக்கன், மூக்கின் கீழே பையைத் தொங்கவிட்டுக்கொண்டு ஜமீன்தார் மாதிரி மிதக்கும் கூழைக்கடா, ஊசிவால் வாத்து, அகப்பை போன்ற அலகுள்ள தட்டைவாயன், சேற்றோரத்தில் நூற்றுக்கணக்கில் ஓடி ஓடிக் கொத்தும் உள்ளான்கள். இவற்றில் சில இங்கேயே வசிப்பவை. கருவால் மூக்கனும் ஊசிவால் வாத்தும் போன்ற பல, மத்திய ஆசியாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் இமயத்தைத் தாண்டி வருபவை. பாஸ்போர்ட் இல்லை, தேசப்படம் இல்லை. ஆயினும் ஆண்டு தவறாமல் மரக்காணத்து உப்பளங்களுக்குப் பக்கத்தில் உள்ள இதே சேற்றைக் கண்டுபிடித்து வந்து இறங்குகின்றன. பூகோள பாடத்தில் மரக்காணம் எங்கே என்று கேட்டால் திருதிருவென்று விழிக்கும் பிள்ளைகளை நான் அறிவேன்.

2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு கழுவெளியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. விஸ்தீரணம் 5,151 ஹெக்டேர். நம் கணக்கில் ஏறக்குறைய 12,700 ஏக்கர். 2024 ஆகஸ்டில் ராம்சார் உடன்படிக்கையின்படி உலக முக்கியத்துவம் உள்ள நீர்நிலைகளின் ஜாபிதாவிலும் சேர்ந்தது. ஈரான் தேசத்தில் ராம்சார் என்ற ஊரில் 1971-இல் பல நாட்டார் கூடி, ஈர நிலங்களைக் காப்பதென்று செய்துகொண்ட உடன்படிக்கை அது. கௌரவந்தான், சந்தேகமில்லை. ஆனால் கௌரவத்துக்கு முன்னாலேயே கரையோரங்களில் பயிர்க்காரரும் இறால் குட்டைக்காரரும் கை வைத்துவிட்டார்கள். வலை போட்டும் கண்ணி வைத்தும் பறவை பிடிப்பது பழைய வழக்கம். அதையெல்லாம் பலகை எழுதி வைத்து மட்டும் நிறுத்திவிட முடியாது.

கரையில் வலையைச் சரிசெய்துகொண்டிருந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். சரணாலயம் வந்தது நல்லதுதானே என்று கேட்டேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. வலைக் கண்ணி இரண்டை முடிந்த பிறகு சொன்னார்:

"நல்லதுதாங்க ஐயா. பட்சி நம்மளுக்கு என்ன கெடுதல் பண்ணிச்சு? அதுவும் மீனுக்கு வருது, நானும் மீனுக்கு வரேன். தண்ணி கெடந்தா ரெண்டு பேரும் கெடப்போம். தண்ணி வத்திச்சின்னா ரெண்டு பேரும் கெளம்ப வேண்டியதுதான். ஆனா, இனிமே எறங்காதேன்னு அதைச் சொல்ல மாட்டாங்க, என்னைத்தான் சொல்லுவாங்க."

இதில் ஒரு நியாயம் இருக்கிறது. வடக்கே சற்றுத் தூரத்தில், செங்கற்பட்டு ஜில்லாவில் இருக்கும் வேடந்தாங்கலை நினைத்துப் பாருங்கள். அங்கே ஏரியில் கூடு கட்டும் பறவைகளை வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட்டபோது, அதைத் தடுக்கும்படி முறையிட்டவர்கள் கிராமத்துக் குடியானவர்கள். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் என்பவர் அவர்களுக்குக் கௌல் எழுதிக் கொடுத்தார். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு எருவாகும் என்பது அந்தக் குடியானவர்களுக்குத் தெரியும். பறவையைக் காக்கும் சாஸ்திரத்தை மேனாட்டார் வந்து நமக்குக் கற்பித்தார்கள் என்று சொல்லுகிறவர்கள் இந்தக் கதையைக் கேட்டதில்லை. வேடந்தாங்கல் நிலைத்திருப்பதற்குக் காரணம், பறவை தங்களுடையது என்று அந்த ஊரார் நினைத்ததுதான். கழுவெளியின் கரையில் வலை முடியும் பெரியவரும் அப்படியே நினைக்க வேண்டுமானால், அவருக்கும் ஒரு கௌல் வேண்டும். ஏரியிலிருந்து அவரை விரட்டிவிட்டுப் பறவையைக் காப்பேன் என்பது, வீட்டுக்காரனை வெளியே அனுப்பிவிட்டு வீட்டுக்குக் காவல் போடுவது போலத்தான்.

கழுவெளியிலிருந்து மேற்கே திரும்பி, திண்டிவனம் புதுச்சேரி சாலையைக் குறுக்கே கடந்து, உச்சிப் பொழுதுக்குத் திருவக்கரை போய்ச் சேர்ந்தோம். சங்கராபரணி, செஞ்சியாறு, வராக நதி என்று மூன்று பெயர் சொல்லி அழைக்கும் ஆற்றின் கரையில் உள்ள பாடல் பெற்ற ஸ்தலம் இது. சந்திரமௌலீசுவரர் மூன்று முகங்களோடு எழுந்தருளியிருக்கிறார். செம்பியன் மாதேவியார் கற்றளியாக எடுப்பித்த கோயில். வக்ரகாளியம்மனைத் தரிசிக்கப் பௌர்ணமிதோறும் ஜனங்கள் வந்து குவிகிறார்கள். ஆனால் கோயிலுக்கு வருகிற நூறு பேரில் ஒருவராவது, கொஞ்ச தூரத்தில் உள்ள கல்மரப் பூங்காவுக்கு வருகிறாரா என்பது சந்தேகம்.

வெளிக் கதவுக்குள் நுழைந்ததும் பிள்ளைகளுக்குப் பெருத்த ஏமாற்றம். மேடும் பள்ளமுமான செம்மண் தரை. அதில் யாரோ விறகுக் கடைக்காரர் இறக்கிப் போட்டுவிட்டுப் போனதைப் போல அங்கங்கே அடிமரங்கள். பட்டை உரிந்து வெயிலில் வெளுத்த விறகின் நிறம், விறகின் வரி, விறகின் வெடிப்பு. "இதுக்கா ஸார் வந்தோம்?" என்று ஒரு குரல் கேட்டது. நான் பதில் சொல்லாமல், அந்தப் பையனை ஒரு துண்டத்தைக் கையால் தூக்கிப் பார்க்கச் சொன்னேன். தூக்க முடியவில்லை. நகத்தால் கீறிப் பார்த்தான். கல்! தட்டிப் பார்த்தான். கணீரென்றது. அதற்குப் பிறகு அவனை அங்கிருந்து கிளப்புவதுதான் கஷ்டமாக இருந்தது.

அந்த மரங்களின் வயது சுமார் 2 கோடி ஆண்டு. மனிதன் இல்லை, தமிழ் இல்லை, செஞ்சிக் கோட்டை இல்லை. எங்கேயோ மேட்டு நிலத்தில் ஒரு பெருங்காடு இருந்தது. பெருவெள்ளம் வந்து அந்தக் காட்டை அடியோடு பெயர்த்து உருட்டிக்கொண்டு வந்தது. வரும் வழியிலேயே கிளையும் வேரும் இலையும் அடிபட்டுப் போயின. அதனால்தான் இங்கே அடிமரம் மட்டும் கிடக்கிறது. வேரோடு நிற்கும் மரம் ஒன்றுகூடக் கிடையாது. வெள்ளம் வடிந்த இடத்தில் மணல் மூடிற்று. காற்றுப் படாததால் மரம் மக்கவில்லை. மண்ணுக்குள் ஊறிய தண்ணீரில் சிலிகா கரைந்திருந்தது. மணல் எதனால் ஆனதோ அதே பொருள். அந்தத் தண்ணீர் மரத்தின் நுண்ணறைகளுக்குள் புகுந்து, சிலிகாவைப் படியவைத்துப் படியவைத்து, மரம் இருந்த இடத்தில் கல்லை நிரப்பிற்று. ஒரே நாளில் செய்யவில்லை; அவசரமும் படவில்லை. ஆகவேதான் வளையங்களும் துளைக் கண்களும் அச்சுப் பிசகாமல் இருக்கின்றன. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, இது இன்ன மரத்தின் வர்க்கம் என்று தாவர சாஸ்திரிகள் சொல்லிவிடுகிறார்கள். புளியின் வர்க்கத்தைச் சேர்ந்தது உண்டு. ஆமணக்கின் வர்க்கத்தைச் சேர்ந்ததும் உண்டு. திந்திரிணி என்றால் வடமொழியில் புளி. புளியங்காடு என்ற பொருளில் திந்திரிணி வனம் என்று இருந்ததே திண்டிவனம் ஆயிற்று என்பார்கள். பெயர் வைத்தவர்களுக்குத் தெரியாமலே எத்தனை பழைய புளியங்காட்டுக்குப் பக்கத்தில் பெயர் வைத்திருக்கிறார்கள்!

இவை வக்ராசுரனுடைய எலும்புகள் என்று சொல்லும் ஊராரும் உண்டு. அந்தக் கதையைக் கேட்டுச் சிரிக்க வேண்டியதில்லை. மரமாக இருந்தது கல்லாகக் கிடப்பதைக் கண்டு, இது சாமானியச் சங்கதி அல்ல என்று உணர்ந்தவர்கள் அவர்கள்தாம். 1781-இல் சொன்னெரா என்ற பிரெஞ்சு இயற்கை ஆராய்ச்சியாளர் இவற்றைக் குறித்து வைத்தார். இன்று இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் பொறுப்பில் 247 ஏக்கர் இருக்கிறது. அதில் ஒன்பது பகுதிகள். பொதுஜனங்கள் பார்ப்பதற்குத் திறந்திருப்பது சிறு பகுதியே. சுமார் 200 மரங்கள். சில பத்து அடி நீளம். சில ஐம்பது அடி.

காவலாளி நல்ல மனிதர். "தொடலாம் தம்பிகளா, தடவலாம், படம் புடிக்கலாம். எடுத்துக்கிட்டு மட்டும் போகக்கூடாது" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். ஆயினும் கிளம்பும்போது, எதற்கும் இருக்கட்டுமென்று எல்லோரையும் சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டச் சொன்னேன். ஐந்து துண்டுகள் வெளிவந்தன. இரண்டு அங்குலம், மூன்று அங்குலம். 22 பேருக்கு ஐந்து. இதுவரை வந்துபோன கூட்டத்துக்கு இந்த விகிதத்தில் கணக்குப் போடும்படி பிள்ளைகளிடமே சொன்னேன். கணக்கில் கெட்டிக்காரியான ஒரு பெண், "ஸார், மீதி இருக்கிறதே ஆச்சரியம்!" என்றாள்.

நான்கு பேர் துண்டுகளைத் தலைகுனிந்து கீழே வைத்தார்கள். ஐந்தாவது பையன் வைக்கவில்லை. கையில் பிடித்துக்கொண்டே கேட்டான்: "ஸார், வர்ற வழியிலே பாத்தோமே, மலையையே வெடி வெச்சு லாரியிலே ஏத்திக்கிட்டுப் போறாங்க. அதை யாரும் கேக்கலே. நான் இத்துனூண்டு எடுத்தா மட்டும் தப்பா?"

மற்றப் பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தார்கள். அவன் சொன்னது வாஸ்தவம். திருவக்கரையைச் சுற்றிலும் கல் உடைக்கும் குவாரிகள் இருக்கின்றன. கல்மரங்களுக்கு நடுவே நின்றாலும் ஜல்லி இயந்திரத்தின் சப்தம் காதில் விழுகிறது. சாலையோரத்துப் புளிய மரங்களின் இலைகள் பச்சையாக இல்லை. வெள்ளைப் புழுதியாக இருக்கின்றன. அவன் அறியாத இன்னொன்றையும் நான் அவனுக்குச் சொன்னேன். அங்கே உடைபடும் கருங்கல் இந்த மரங்களைக் காட்டிலும் நூறு மடங்கு பழையது. 250 கோடி ஆண்டுக் கணக்கு. "அப்போ அது இன்னும் பெரிய தப்புதானே ஸார்?" என்றான் அவன், விடாமல்.

"நாம் வந்த சாலையும் அந்தக் கல்லால் போட்டதுதான், உன் வீட்டு அஸ்திவாரமும் அந்தக் கல்தான். எவ்வளவு உடைக்கலாம், எங்கே நிறுத்தவேண்டும் என்று கேட்கத்தான் வேண்டும். நீ பெரியவனாகி அதைக் கேள். ஆனால் கேட்கிறவன் பையில் இது இருக்கக்கூடாது" என்றேன். பையன் துண்டை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தான். ஆனால் முழுத் திருப்தி அவனுக்கு இல்லை, எனக்குந்தான்.

அங்கிருந்து விழுப்புரம் பக்கமாக வந்து, செஞ்சி சாலையில் மண்டகப்பட்டுக்குப் போனோம். விழுப்புரத்துக்கு வடமேற்கே பன்னிரண்டு மைல் இருக்கும். ஒரு பாறை, அதைக் குடைந்து ஒரு சிறிய மண்டபம், நான்கைந்து தூண், உள்ளே மூன்று வெற்று அறைகள், இரு கோடியிலும் தடியூன்றி நிற்கும் துவாரபாலகர். மாமல்லபுரத்தைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் இதைப் பார்த்தால் மூக்கைச் சுளிப்பார்கள். ஆனால் மாமல்லபுரத்துக்குப் பாட்டனார் இதுதான்! ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட மகேந்திரவர்ம பல்லவன், விசித்திரசித்தன் என்ற தன் பட்டப்பெயரைச் சொல்லி, இங்கே கிரந்த எழுத்தில் ஒரு வடமொழிச் சாசனம் வெட்டியிருக்கிறான். அயன், அரன், அரி மூவருக்கும் ஓர் ஆலயம் செய்தேன். செங்கல் இல்லை, மரம் இல்லை, உலோகம் இல்லை, சுண்ணாம்பு இல்லை என்பது அதன் சாரம். அதற்கு முன் நம் நாட்டுக் கோயில்கள் எவற்றால் கட்டப்பட்டு எப்படி அழிந்தன என்பதை, எவை எவை இல்லை என்று சொல்லியே நமக்குத் தெரிவித்துவிட்டான்.

மரம் அழிந்துபோகும் என்று பயந்து ராஜா கல்லைத் தேடினான். அவன் குடைந்த பாறைக்கு ஒரு பகல் பிரயாண தூரத்தில், மரமே கல்லாகிக் கிடந்தது அவனுக்குத் தெரிந்திருக்குமா என்று பிள்ளைகளுக்குள் விவாதம் கிளம்பிற்று. நான் தலையிடவில்லை. குவாரிப் பையன் மட்டும் தூணை நிமிர்ந்து பார்த்து, "இந்தப் பாறையும் அந்தக் கருங்கல் மாதிரிதானே ஸார் இருக்கு? உளி வெச்சதாலே இது தப்பிச்சிடுச்சு" என்றான்.

பொழுது சாய்ந்துவிட்டது. பக்கத்திலேயே மகேந்திரன் குடைந்த தளவானூர்க் குகைக்கோயில் இருக்கிறது, போகவில்லை. பனமலையில் ராஜசிம்ம பல்லவன் எழுப்பிய தாளகிரீசுவரர் கோயிலில், குடையின் கீழ் ஒரு காலை மடித்து நிற்கும் தேவியின் ஓவியம் சுவரில் கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது. 1,300 ஆண்டு வெயிலும் மழையும் வௌவாலும் தாண்டி வந்த வர்ணம் அது. திருவண்ணாமலைச் சாலையில் கீழ்வாலைப் பாறைகளில், எழுத்துத் தோன்றும் முன்னமே காவி கொண்டு தீட்டிய உருவங்கள் உள்ளன. பறவை முகம் கொண்ட மனிதர்கள்! அந்தப் பறவை கழுவெளிப் பறவையாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் பிள்ளைகளின் அபிப்பிராயம். செஞ்சிக் கோட்டையைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. 2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகளோடு சேர்ந்து உலகப் பாரம்பரிய ஜாபிதாவில் ஏறிவிட்டபடியால், அதற்கு இனிக் கூட்டத்துக்குக் குறைவிராது.

குடும்பத்தோடு போக விரும்புகிறவர்களுக்கு: கழுவெளிக்குக் கார்த்திகை முதல் மாசி வரையில் நல்ல காலம். சூரியன் உதிக்கும்போது அங்கே இருக்க வேண்டும். எட்டு மணிக்கு மேல் போனால் கானல்தான் தெரியும். வெள்ளைச் சட்டை வேண்டாம். பைனாகுலர் ஒன்று இரவல் வாங்கியாவது கொண்டு போகலாம். குழந்தைகள் சப்தம் போடாமலிருக்க, பொட்டலத்தை அங்கேயே அவிழ்த்துவிடுவது உத்தமம். காகிதத்தை மட்டும் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள். திருவக்கரையில் நிழல் கிடையாது. குடையும் தண்ணீரும் அவசியம். பௌர்ணமியன்று போக உத்தேசித்தால், அம்மன் சன்னிதிக்கு வந்த கூட்டத்தில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. ஆனால் கல்மரப் பூங்காவில் நீங்களும் காவலாளியுந்தான் இருப்பீர்கள்.